ஜப்பானிய மொழியில் தலைமைச் சொற்கள்

ஒரு நாட்டு மக்கள் யாரைப் பெரியோர் என மதித்தனர், எப்பொருளை அருமையுடையதாகக் கருதினர் என்பவற்றை வரலாற்று நூல்கள் ஓரளவே உரைக்கும். அம்மக்கள் அன்றாடம் வழங்கும் சொற்களோ அவற்றை ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும். 'தலைவன்' என்று நாம் சொல்லும்போது, உடம்பிற்குத் தலை எத்தகையதோ அத்தகையவன் கூட்டத்திற்கு அவன் என்னும் கருத்து அச்சொல்லினுள் அடங்கிக் கிடக்கின்றது. நாள்தோறும் வழங்கி வழங்கித் தேய்ந்துவிட்டமையால் நாம் அதனை நினைப்பதில்லை. பிறிதொரு மொழியின் சொற்களை எண்ணிப் பார்க்கும்போதே நம் சொற்களின் உள்ளீடும் நமக்குப் புலனாகின்றது. அவ்வகையில் ஜப்பானிய மொழியில் தலைமையையும் சிறப்பையும் குறித்து வழங்கும் சொற்கள் ஆராய்தற்குரியன.

யான் அம்மொழியைப் பள்ளியிற் பயின்றவன் அல்லன். இளமையில் ஆசிரியரை அடுத்து நன்னூலும் தொல்காப்பியமும் பாடங்கேட்டவன். பின்னர்ப் பல்லாண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், ஜப்பானியரோடு கூட்டாக நடைபெறும் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுகின்றார். அவர் அம்மொழியை முயன்று கற்று, மொழிபெயர்ப்பாளராகவும் உயர்ந்தார். ஒருநாள் ஜப்பானிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அம்மாணவருடைய பிரிவுத் தலைவரைக் கேட்டார். தலைவரின் பெயரை டனாக்கா என்று வைத்துக்கொள்வோம். அவர் அப்போது தம் இருக்கையில் இல்லை. தலைவரிடம் மிக்க மதிப்புடைய நம் மாணவர், தாம் கற்ற மதிப்புச் சொற்களையெல்லாம் திரட்டி, 'டனாக்கா அவர்கள் இப்போது இங்கே எழுந்தருளியிருக்கவில்லை' என்னும் பொருள்பட விடையிறுத்தார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. அன்று மாலை அத்தலைவர் அவரை அழைத்து, சினம் சிறிதும் காட்டாமல், 'நீர் இன்று என்னை உயர்த்தி, வந்தவரைத் தாழ்த்திவிட்டீர்' என்றார். அதன்பின் ஆறு திங்கள் வரை தொலைபேசியை எடுக்கும் பணி அவருக்கு அளிக்கப்படவில்லை.

விடுமுறைக்கு ஊர் வந்த அவர் இதனை என்னிடம் கூறி, 'ஐயா, மதிப்புக் கொடுத்ததற்காக ஒருவன் தண்டிக்கப்படுவதும் உண்டோ?' என்று வருந்திக் கேட்டார். இவ்வினாவிற்கு அன்று என்னால் விடைகூற இயலவில்லை. விடை தேடப் புகுந்தே யான் அம்மொழியின் சொற்களை ஆராயத் தொடங்கினேன். அவர் வாங்கித் தந்த அகராதியும் இலக்கண நூலும் இன்றும் என் மேசைமேல் இருக்கின்றன. மாணவர்களே, அவ்விடையை அறிதற்கு முன், ஜப்பானியர் தலைவர்க்கு இட்ட பெயர்கள் எத்தகையன என்பதைக் காண்போம்.

ஜப்பானியர் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் சீன எழுத்துகளைக் கொரியாவின் வழியே பெற்றனர். அவ்வெழுத்துகள் நம் எழுத்துகளைப் போல ஒலியை மட்டும் குறிப்பன அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பொருளைக் குறிக்கும். ஆதலின் ஒரே எழுத்திற்குச் சீனத்திலிருந்து வந்த ஒலி ஒன்றும், நாட்டில் முன்னரே வழங்கிய சொல் ஒன்றுமாக இருவகை ஒலிப்பு உண்டு. பதவிப் பெயர்களில் மிகுதியாக வருவது 'சோ' என்னும் எழுத்து. நீண்ட கூந்தலையுடைய முதியவர் ஒருவரின் வடிவிலிருந்து இவ்வெழுத்துத் தோன்றியது என்பர். 'நகாய்' என ஒலிக்கும்போது அதற்கு 'நீண்ட' என்று பொருள். 'ஒசா' என ஒலிக்கும்போது 'தலைவன்' என்று பொருள். நீளமும் தலைமையும் ஓரெழுத்தில் அடங்கியதைக் கண்டு நாம் வியக்க வேண்டுவதில்லை. 'நெடுந்தகை' என்றும் 'நெடியோன்' என்றும் நம் முன்னோர் பெருமையுடையாரைக் கூறவில்லையா?

இந்தச் 'சோ' எங்கெங்கு வந்து ஒட்டுகின்றது என்று பாருங்கள். நிறுவனத்தின் தலைவர் ஷாச்சோ; துறையின் தலைவர் புச்சோ; பிரிவின் தலைவர் கச்சோ. பள்ளித் தலைமையாசிரியர் கோச்சோ. புகைவண்டி நிலைய அதிகாரி எக்கிச்சோ. கப்பல் தலைவர் சென்ச்சோ. சிற்றூரின் தலைவர் சொன்ச்சோ. நகரத்தின் தலைவர் ஷிச்சோ. இடத்தின் பெயரைக் கற்றவன் அதன் தலைவரின் பெயரையும் உடன் கற்றவனாகிறான். இத்தகைய எளிமை நம் ஆட்சிச் சொற்களில் இல்லை. அலுவலர், ஆணையர், இயக்குநர், கண்காணிப்பாளர் எனத் துறைக்கொரு சொல்லை நாம் நினைவிற் கொள்ள வேண்டியிருக்கின்றது.

தலை என்னும் உறுப்பும் அம்மொழியில் தலைமைக்கு ஆகிவருதல் உண்டு. வங்கித் தலைவரை 'டோடோரி' என்பர். 'தலைமை கொண்டவர்' என்பது அதன் பொருள். தலைமை அமைச்சரைக் குறிக்கும் 'ஷுஷோ' என்னும் சொல்லின் முன்பகுதி, தலையையும் கழுத்தையும் ஒருங்கே குறிக்கும் எழுத்தாகும். அதே எழுத்தைக் 'குபி' என ஒலித்தால் கழுத்து என்பதே பொருள். 'குபியாயிற்று' என்று ஜப்பானியர் சொன்னால் வேலை போயிற்று என்று கருத்து. நம்மூரில் 'சீட்டுக் கிழிந்தது' என்பர். அவர்கள் கழுத்தையே வைத்துப் பேசுகின்றனர். போர்வீரர் ஆண்ட நாட்டின் மொழி வேறு எவ்வாறு இருக்கும்!

உறுப்பினும் மிகுதியாகத் தலைமைக்கு உவமையாவது வீடு. ஜப்பானியர் வீடுகள் பழங்காலந்தொட்டு மரத்தால் ஆனவை. ஆகவே கூரையின் முகட்டு உத்திரத்தையும் அதனைத் தாங்கும் விட்டத்தையும் குறிக்கும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து 'டோரியோ' என்றொரு சொல்லை வழங்கினர். முற்காலத்தில் அது போர்வீரர் கூட்டத்தின் தலைவனைக் குறித்தது. இக்காலத்தில் தச்சர் தலைவரைக் குறிக்கின்றது. வீரர் தலைவன் பெயர் தச்சர் தலைவருக்கு வந்தது இழிவன்று. சொல் தன் பிறந்த வீட்டிற்கே மீண்டது என்க. வீட்டின் நடுவே நின்று முழுச்சுமையையும் தாங்கும் பருத்த தூணுக்கு 'டைகொகு பஷிரா' என்பது பெயர். குடும்பத்தைத் தம் உழைப்பால் தாங்குவோரையும் அப்பெயராலேயே குறிப்பர்.

அரசரையும் பெருமக்களையும் குறிக்கும் சொற்களிலும் கட்டடமே நிற்கின்றது. 'டோனோ' என்றால் மாளிகை. அதனுள் வாழும் நிலத்தலைவருக்கும் அதுவே பெயர். நம் நாட்டிலும் 'அரண்மனையிலிருந்து உத்தரவு வந்தது' என்று கூறுவோர் கட்டடத்தையோ கருதுகின்றனர்? பேரரசருக்கு 'மிகாடோ' என்றொரு பழம்பெயர் உண்டு. 'திருவாயில்' என்பது அதன் சொற்பொருள். அரசரைப் பெயர் சொல்லிச் சுட்டுதல் தகாது என அஞ்சிய குடிகள் அவருடைய வாயிலைச் சுட்டினர். பேரரசரைப் போற்றி வழங்கும் 'ஹெய்க்கா' என்னும் சொல்லோ இன்னும் ஒரு படி கீழே இறங்குகின்றது. அரியணைப் படிகளின் கீழ் என்பது அதன் பொருள். அரசரோடு நேரே பேசுதல் முறையன்று. படியின் கீழ் நிற்கும் ஏவலரிடம் கூறினால் அவர் அரசர் செவியிற் சேர்ப்பார் என்னும் பண்டைச் சீன வழக்கிலிருந்து இச்சொல் வந்தது. நம் மடத்துத் தலைவர்களைச் 'சந்நிதானம்' என்பதும், பெரியோர்க்கு எழுதும் மடலில் 'சமூகத்திற்கு' என்று தொடங்குவதும் இதனை ஒத்தவை. ஆளைத் தொடாமல் அவர் இருக்கும் இடத்தைத் தொடுவதே மதிப்பு என்று இரு நாட்டாரும் எண்ணினர்.

ஜப்பானியத் தலைமைப் பெயர்களுள் உலகறிந்தது 'ஷோகுன்' என்பது. படையை நடத்துவோன் என்பதே அதன் பொருள். இதன் முழுப்பெயர் 'செய்-இ-டைஷோகுன்'. வடகிழக்கில் வாழ்ந்த எமிஷி மக்களை அடக்கச் சென்ற படைத்தலைவர்களுக்குப் பேரரசர் அளித்த பட்டம் அது. 'புறநாட்டாரை அடக்கும் பெருந்தானைத் தலைவர்' எனலாம். 1192ஆம் ஆண்டில் மினமோட்டோ யோரிட்டோமோ இப்பட்டத்தைப் பெற்றார். அக்காலத்தில் அவர் அடக்க வேண்டிய புறநாட்டார் எவரும் இலர். ஆயினும் பட்டம் அவருக்கு வேண்டியிருந்தது. ஏனெனில் பேரரசர் அளித்த பெயரின்றி வாள்வலி ஒன்றினாலேயே நாட்டை ஆளுதல் ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார். அவருடைய அரசினைப் 'பக்குஃபு' என்றனர். திரைச்சீலையால் சூழப்பட்ட போர்க்களக் கூடாரத்து அலுவலகம் என்று அதற்குப் பொருள் கூறலாம். நம் இலக்கியத்தில் வரும் 'பாசறை' என்னும் சொல்லை இங்கே நினைத்துக்கொள்க. இடையிடையே முறிவுகள் நேர்ந்தபோதிலும், 1867இல் டோக்குகவா யோஷினொபு ஆட்சியைப் பேரரசரிடம் திரும்ப ஒப்படைக்கும் வரை, ஏறத்தாழ 700 ஆண்டுகள் ஒரு பாசறையின் பெயராலேயே நாடு ஆளப்பட்டது. பேரரசரோ கியோட்டோ நகரில் பெருமையோடும் அதிகாரமின்றியும் வீற்றிருந்தார். பட்டம் ஓரிடத்தும் ஆற்றல் ஓரிடத்தும் இருந்த இந்நிலையைக் கண்டு மயங்கிய மேனாட்டார், 1850களிலும் 1860களிலும் ஷோகுனோடு உடன்படிக்கை செய்துகொண்டபோது, அவரை 'டைகுன்' என்று குறித்தனர். பெருங்கோமான் என்பது அதன் பொருள். அச்சொல் பின்னர் ஆங்கிலத்திற் புகுந்து பெருஞ்செல்வ வணிகரைக் குறிப்பதாயிற்று.

1885ஆம் ஆண்டில் மேனாட்டு முறையில் அமைச்சரவை அமைந்தபோது இட்டோ ஹிரொபுமி முதல் தலைமை அமைச்சரானார். அமைச்சரைக் குறிக்கும் 'டைஜின்' என்னும் சொல்லுக்குப் 'பெரிய பணியாள்' என்று பொருள். யாருக்குப் பணியாள்? பேரரசருக்கு. 1947இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசமைப்பின்படி பேரரசர் நாட்டின் சின்னமாக மட்டும் விளங்குகின்றார். அமைச்சர் மக்கள் மன்றத்திற்குப் பொறுப்புடையவர். எனினும் 'பெரிய பணியாள்' என்னும் பெயர் மாறவில்லை. மாவட்டங்களினும் பெரிய 47 ஆட்சிப் பகுதிகளின் தலைவர்களைச் 'சிஜி' என்பர். காரியம் அறிந்தவர் என்பது பொருள். எனக்கு ஜப்பானியப் பதவிப் பெயர்கள் அனைத்தினும் இதுவே பிடித்தமானது. உயர்ந்தவர் என்றோ நீண்டவர் என்றோ கூறாது, அறிந்தவர் என்று கூறுகின்றதன்றோ?

முதுமையும் தலைமைக்கு ஒரு வாயில். டோக்குகவா ஆட்சியில் மூத்த அமைச்சர்களை 'ரோஜு' என்றும், நிலத்தலைவரின் குடும்பக் காரியங்களை நடத்தியவரைக் 'கரோ' என்றும் அழைத்தனர். இரு பெயரிலும் முதுமையைக் குறிக்கும் எழுத்து உண்டு. ஆசிரியரைக் குறிக்கும் 'சென்செய்' என்னும் சொல்லுக்கு 'முன் பிறந்தவர்' என்பதே பொருள். மருத்துவர், வழக்கறிஞர், எழுத்தாளர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோரையும் இச்சொல்லால் அழைப்பர். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. பிறர் ஒருவரைச் 'சென்செய்' என்னலாம். ஆசிரியர் தம்மைத் தாமே 'யான் சென்செய்' என்று கூறிக்கொள்ளலாகாது. தம் தொழிலைக் கூற வேண்டின் 'கியோஷி' என்னும் வேறு சொல்லையே அவர் ஆளுதல் வேண்டும்.

இந்த நுட்பமே நம் மாணவரின் வினாவிற்கு விடைகாணும் வழியாகும். மதிப்பைக் காட்டுவதில் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உள்ள வேறுபாட்டை இனிக் கூறுவோம்.

தமிழில் ஒருவர் மதிப்பிற்குரியவராயின் எவரிடம் பேசினாலும் அவர் மதிப்பிற்குரியவரே. 'என் தந்தையார் வந்தார்' என்று நண்பனிடமும் கூறுவோம், ஊர்ப்பெரியவரிடமும் கூறுவோம், ஆட்சியரிடமும் கூறுவோம். ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் அமைந்த உயர்சொல்லே என்று தொல்காப்பியரும் இதனைச் சுட்டியுள்ளார். கேட்பவர் யார் என்பது நம் மதிப்பை மாற்றுவதில்லை.

ஜப்பானிய மொழியிலோ கேட்பவர் யார் என்பதைக் கொண்டே மதிப்பு முடிவு செய்யப்படும். பேசுவோன் முதலில் ஒரு வட்டம் வரைந்துகொள்கிறான். தன் குடும்பம், தன் நிறுவனம் ஆகியவை அவ்வட்டத்தின் அகம், மற்றையோர் புறம். புறத்தாரிடம் பேசும்போது அகத்தாரை உயர்த்துதல் கூடாது. பிறருடைய தந்தையை 'ஒட்டோசான்' என்று மதிப்போடு கூறுவர். தம் தந்தையைப் பிறரிடம் கூறும்போது 'சிசி' என்று அடைமொழியின்றிக் கூறுவர். பிறர் மனைவி 'ஒகுசான்'. தம் மனைவி 'கனாய்'. இரண்டிற்கும் வீட்டின் உட்பகுதி என்பதே அடிப்பொருள். நம் 'இல்லாள்' போல. ஆயினும் முன்னதே மதிப்புடையது. வீட்டினுள் தந்தையை அழைக்கும்போது மகனும் 'ஒட்டோசான்' என்றே அழைப்பான். மூத்தோரை முறைப்பெயராலும் இளையோரைப் பெயராலும் அழைக்கும் வழக்கமும் அங்கு உண்டு. இதில் அவர்கள் நம்மவரே.

நிறுவனத்திலும் இம்முறையே. ஊழியர் தம் தலைவரை நேரில் 'நீங்கள்' என்று கூடச் சொல்வதில்லை. 'அனாட்டா' என்னும் முன்னிலைச் சொல் அகராதியில் இருப்பினும் மேலோரை அதனால் விளித்தல் பிழை. 'ஷாச்சோ நாளை வருகிறாரா?' என்று ஷாச்சோவிடமே கேட்பர். பெயருக்குப் பின்னர்ப் பதவியைச் சேர்த்து 'டனாக்கா ஷாச்சோ' எனின் அது மதிப்பு. பதவியைப் பெயருக்கு முன்னர் வைத்து 'ஷாச்சோவாகிய டனாக்கா' எனின் அது வெறுஞ்செய்தி. ஊழியர் வெளியாரிடம் தம் தலைவரைக் குறிப்பிடும்போது இந்தப் பிந்திய முறையையே கொள்ள வேண்டும். அன்றி 'டனாக்கா' என்று வெறும் பெயரையே கூற வேண்டும். 'சான்' என்னும் மதிப்பீற்றையும் சேர்த்தலாகாது. நேற்றுப் பணியிற் சேர்ந்த இளைஞன் அறுபதாண்டு நிறைந்த நிறுவனத் தலைவரை வெறும் பெயரால் குறிப்பது நம் காதுக்கு நாராசமாக இருக்கும். அவர்களுக்கோ அதுவே பண்பு. நம் மாணவர் தம் தலைவரை 'எழுந்தருளினார்' எனக் கூறியது, விருந்தினரின் முன் தம் வீட்டாரைத் தாமே புகழ்ந்ததற்கு ஒப்பாயிற்று. 'டனாக்கா இருக்கையை விட்டு நீங்கியிருக்கிறான்' என்னும் பொருள்படப் பணிவுச் சொல்லால் அவர் கூறியிருத்தல் வேண்டும்.

பணிவுச் சொல் என்றது யாது? அம்மொழியில் மதிப்பு, பெயரில் மட்டுமன்றி வினையிலும் நிகழும். நாம் 'வந்தான், வந்தார்' என விகுதியை மாற்றுகிறோம். அவர்களோ வினைச்சொல்லையே மாற்றுகின்றனர். பிறர் வருவது 'இரஷ்ஷாரு'; தாம் வருவது 'மைரு'. பிறர் சொல்வது 'ஒஷ்ஷாரு'; தாம் சொல்வது 'மோசு'. உண்ணுதலைப் பொதுவாக 'டபேரு' என்பர். பெரியோர் உண்பது 'மெஷி அகரு'. தாம் உண்பது 'இட்டடக்கு'. இச்சொல்லுக்கு அடிப்பொருள் தலைமேல் வைத்துக்கொள்ளுதல் என்பதாகும். ஒருவர் கொடுத்ததைத் தலைக்குமேல் உயர்த்திப் பெற்றுக்கொள்ளும் செயலிலிருந்து இது வந்தது. 'தங்கள் கட்டளையைத் தலைமேற் கொண்டேன்' என்று நாமும் கூறுகிறோமல்லவா? ஜப்பானியச் சிறுவன் ஒவ்வொரு நாளும் உணவின் முன் அமர்ந்து கைகுவித்து 'இட்டடகிமசு' என்று கூறிய பின்னரே உண்ணத் தொடங்குவான்.

இவ்வேறுபாட்டால் ஒரு பயனும் உண்டு. தமிழ் வினை தன்னிடத்திலேயே எழுவாயைக் காட்டும். 'வருகிறேன்' என்றால் 'நான்' என்பது வேண்டா. ஜப்பானிய வினைக்கு அவ்வாறு விகுதி இல்லை. ஆயினும் 'மைரு' எனின் வருபவர் பேசுவோரின் பக்கத்தவர் என்பதும், 'இரஷ்ஷாரு' எனின் பிறர் என்பதும் தாமே விளங்கும். நம் மொழியில் விகுதி செய்யும் தொழிலை அங்கே பணிவு செய்கின்றது. வினையை இறுதியில் வைத்தல், உருபுகளைப் பெயருக்குப் பின் ஒட்டுதல் முதலியவற்றில் இரு மொழிகளுக்கும் ஒப்புமை உண்டு. பெயருக்கு முன் 'ஓ', 'கோ' என்னும் மதிப்பு முன்னொட்டுகளைச் சேர்த்தல், நாம் 'திருவடி', 'திருமணம்' என்பவற்றில் 'திரு' என்பதைச் சேர்த்தலை ஒக்கும். சுசுமு ஓனோ (1919–2008) என்னும் ஜப்பானிய அறிஞர், தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுடையன என்றே நூல்கள் எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஒப்பவில்லை. தமிழாசிரியன் என்ற முறையில் அக்கொள்கை உண்மையாதல் வேண்டும் என்னும் ஆசை எனக்கும் உண்டு, ஆசை சான்றாகாது.

மதிப்புச் சொற்கள் என்றும் மதிப்போடு இருப்பதில்லை. 'ஒமாயே' என்பது முன்னாளில் 'திருமுன்' என்னும் பொருளுடன் பெரியோரைக் குறித்தது. 'கிசமா' என்பது மடல்களில் உயர்ந்தோரை விளிக்க ஆளப்பட்டது. இன்று முன்னதை நெருங்கியவரிடமும் தாழ்ந்தவரிடமும் வழங்குவர்; பின்னதைச் சண்டையில் வழங்குவர். நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' நம்மிடையே எந்நிலை எய்தியது என்பதை நீங்கள் அறிவீர்கள். 'கிமி' என்னும் சொல் அரசனைக் குறித்தது. அதே எழுத்தின் மற்றோர் ஒலியாகிய 'குன்' இன்று இளையோரின் பெயரோடு சேர்க்கப்படும் எளிய ஈறு. ஆனால் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் அவைத்தலைவர் உறுப்பினரை அழைக்கும்போது, எத்துணை முதியவராயினும், 'குன்' என்றே அழைக்கும் மரபு உண்டு. 1993இல் பிரதிநிதிகள் சபைக்கு முதற்பெண் தலைவராக வந்த டோய் டக்காக்கோ அம்மரபை விட்டு அனைவரையும் 'சான்' என்று அழைத்தார். 'சாமா' என்னும் உயர்மதிப்புச் சொல்லின் மரூஉவே 'சான்'. ஆண், பெண், செல்வர், வறியர் எவர்க்கும் பொருந்துவது அது. போருக்குப் பின் குடியாட்சி மலர்ந்த காலத்தில், 1952இல், அந்நாட்டு மொழிக்குழு 'சான்' என்பதையே பொதுமதிப்புச் சொல்லாகக் கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தது.

அரசர்க்கே உரிய சொல் ஒன்று மக்கள் செவியில் முதன்முதல் விழுந்த நாளும் உண்டு. 1945 ஆகஸ்டு 15 நண்பகலில், போரை நிறுத்துவதாகப் பேரரசர் வானொலியில் அறிவித்தார். அதுவரை குடிகள் அவர் குரலைக் கேட்டறியார். அவர் தம்மைச் 'சின்' என்று குறித்தார். பேரரசர் ஒருவரே தம்மைக் குறிக்க ஆளக்கூடிய தன்மைச் சொல் அது. உரை முழுவதும் பழம்பெரு நடையில் அமைந்திருந்தமையாலும் ஒலிபரப்புத் தெளிவாக இன்மையாலும், நாடு தோற்றது என்பதையே பலர் உடனே அறிந்துகொள்ள இயலவில்லை. உயர்ந்த மொழி உயிர்ச்செய்தியை மறைத்த நேரம் அது.

இனிச் சிறப்பைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். 'இன்றியமையாதது' என்னும் பொருளில் ஜப்பானியர் மிகுதியாக வழங்குவன இரண்டு: 'ஜூயோ', 'டைசெட்சு'. முன்னதில் உள்ள இரண்டு எழுத்துகளில் ஒன்று கனத்தைக் குறிக்கும். கனமுடையது சிறப்புடையது என்பது நமக்கும் புதிதன்று. ஒரு காலத்தில் நம் அமைச்சர்களைக் 'கனம்' என்னும் அடைமொழியோடு செய்தித்தாள்கள் குறித்து வந்தன. ஜப்பானிய நிறுவனங்களில் உயர்நிலை இயக்குநரை 'ஜூயாகு', அஃதாவது கனத்த பதவியர், என்பர். மற்றோர் எழுத்தைக் 'கனமே' எனவும் ஒலிக்கலாம். மடிப்பு விசிறியின் அடியில் எல்லாக் குச்சிகளையும் ஒன்றாகப் பிணைக்கும் சிற்றாணிக்கு அது பெயர். விசிறியில் மிகச் சிறியது அதுவே. அது கழன்றால் விசிறியே இல்லை. தலைமையை நீளத்தாலும் தூணாலும் மாளிகையாலும் குறித்த மொழி, இங்கே ஒரு சிறு ஆணியால் குறித்தமை எனக்கு வியப்பளித்தது.

'டைசெட்சு' என்பதோ நெஞ்சைச் சார்ந்தது. 'ஜூயோவான மனிதர்' எனின் அவர் பதவியால் பெரியவர். 'டைசெட்சுவான மனிதர்' எனின் அவர் எனக்கு அருமையானவர். என் தாய் முன்னவர் அல்லர், பின்னவர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குச் சென்ற இயேசு சபைத் துறவியர், இறைவனின் அன்பைக் குறிக்கத் தக்க சொல் தேடி, இந்த 'டைசெட்சு'வையே தேர்ந்துகொண்டனர். 1950ஆம் ஆண்டின் பண்பாட்டுச் செல்வப் பாதுகாப்புச் சட்டம், அரிய கலைப்பொருள்களை 'ஜூயோ' என்னும் சொல்லாலேயே வகைப்படுத்துகின்றது. மட்பாண்டம் வனைதல், நெசவு, நாடகம் ஆகியவற்றில் ஒப்பற்ற கலைஞர்களுக்கு அரசு சூட்டும் பெயர் மிக நீண்டது: 'சிறப்புடைய பருவுருவற்ற பண்பாட்டுச் செல்வத்தைக் காத்து வைத்திருப்பவர்'. இதனை யாரும் பேச்சில் வழங்குவதில்லை. 'நிங்கென் கொக்குஹோ' என்பர் மக்கள். 'மனிதராகிய நாட்டுப் புதையல்' என்பது பொருள். சட்டம் பல சொல்லாற் கூறியதை மக்கள் இரண்டு சொல்லாற் கூறிவிட்டனர்.

நம் மாணவர் இப்போது மீண்டும் தொலைபேசியை எடுக்கின்றார். தம் தலைவரை வெறும் பெயரால் குறிக்கவும் பழகிவிட்டார். முதல் நாள் அவ்வாறு கூறியபோது நாக்கு எழவில்லை என்றும், அருகில் அமர்ந்திருந்த தலைவர் அதனைக் கேட்டுத் தலையசைத்தார் என்றும் எனக்கு எழுதியிருந்தார். மடலின் தலைப்பில் என் பெயரையும், அதன்பின் இரண்டு சீன எழுத்துகளையும் வரைந்திருந்தார். அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். 'சென்செய்' என்று இருந்தது. விடைமடல் எழுதி முடித்து, வழக்கம்போல் 'தங்கள் ஆசிரியர்' என்று கையெழுத்திடப் போனவன், சிறிது நின்று, ஈற்றிலிருந்த ரகரத்தை அடித்துவிட்டு, 'ஆசிரியன்' என்று திருத்தி அனுப்பினேன்.